சிற்றிடத்தில் இயந்திர ஆற்றல்: சுருள்வில், சுழல்சக்கரம், அமுக்கக் காற்று – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இயந்திர ஆற்றலைச் சிறிய இடத்தில் சேமித்து வைக்கச் சுருள்வில், இரப்பர், சுழல்சக்கரம், அமுக்கக் காற்று ஆகியன நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றின் கொள்ளளவுகளுக்கிடையே நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என வேறுபாடு காணப்படுகிறது. அவ்வேறுபாட்டின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பொருளின் தாங்குதகைவை அதன் அடர்த்தியால் வகுத்துப் பாதியாக்கினால் கிடைக்கும் ஓரளவையே அடிப்படையாகக் கொண்டு, முறைகள் அனைத்தையும் ஒரே அளவுகோலில் வைத்துக் காணலாம் என்பது இதன் கருதுகோள். கிலோவாட்-மணி கணக்கு, நீர்மூழ்கிக் குண்டுகளின் வரலாறு, கொள்கலச் சோதனை ஆகியவற்றைக் கொண்டு இக்கருதுகோள் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தகைவு, திரிபு, மீட்சி ஆற்றல், சுழல்சக்கரம், அமுக்கக் காற்று, என்ட்ரோபி, பயன்படு ஆற்றல்.

1. முன்னுரை

சுருள்வில்லை முறுக்கி வைத்து இரவெல்லாம் விளக்கெரிக்கலாம், சிலிண்டரில் அடைத்த காற்றைக் கொண்டு ஊர்தி ஓட்டலாம், கிணற்றடியில் எடையைத் தூக்கி நிறுத்தி மின்சாரம் பெறலாம் என்னும் முன்மொழிவுகள் மாணவர் செயல்திட்டங்களில் மீண்டும் மீண்டும் எழுகின்றன. இவற்றுள் எதுவும் இயற்பியலுக்கு முரணானதன்று. ஆற்றல் அழியாக் கோட்பாட்டை இவை மீறுவதில்லை. ஆயினும் இவற்றுட் பல, கட்டி முடித்த பின்னரே பயனற்றவை எனத் தெரியவருகின்றன. தொடக்கத்திலேயே பத்து நிமிடக் கணக்கொன்றால் அறியத்தக்கதைப் பல மாத உழைப்பும் பொருட்செலவும் கொண்டு அறிவது வீண். அதனினும் கவலைக்குரியது, இவற்றுள் ஒன்று உயிருக்கே ஊறு செய்யவல்லது என்பது மாணவர்க்கும் சில வேளைகளில் வழிகாட்டிகளுக்கும் புலப்படாதிருப்பது.

கலைச்சொற்கள் பற்றி ஒரு குறிப்பு இன்றியமையாதது. தமிழகப் பாடநூல்களில் ஆற்றல், திறன், தகைவு, திரிபு என வழங்குவனவற்றை இலங்கைப் பாடநூல்கள் முறையே சக்தி, வலு, தகைப்பு, விகாரம் என வழங்குகின்றன. இக்கட்டுரை தமிழக வழக்கைப் பின்பற்றுகிறது. ஆற்றல் என்பது செய்யவல்ல வேலையின் அளவு. திறன் என்பது அவ்வேலை நடைபெறும் வேகம். இவ்விரண்டையும் பொதுவழக்கில் சக்தி என்ற ஒரே சொல்லால் சுட்டும் பழக்கம், சேமிப்பு முறைகளை ஒப்பிடும்போது பெருங்குழப்பம் விளைவிக்கிறது. ஆற்றல் குறைவாயினும் திறன் மிகுந்த சேமிப்பான்கள் உண்டு. அவற்றின் இடம் வேறு என்பது பின்னர்க் காட்டப்படும். பணிமனைகளில் ஃப்ளைவீல் எனப்படுவது இங்குச் சுழல்சக்கரம் எனப்படுகிறது.

‘சிற்றிடம்’ என்ற சொல்லும் ஈரடியானது. எடை குறைய வேண்டுமா, கன அளவு குறைய வேண்டுமா என்பதைப் பொறுத்து விடை மாறக்கூடும். வானூர்திக்கு எடை முதன்மையானது. கட்டடத்தின் அடித்தளத்தில் வைக்கும் கருவிக்கு இடம் முதன்மையானது. இரண்டையும் பிரித்தே நோக்குதல் வேண்டும்.

2. உயர்த்திய எடை: ஓர் அளவுகோல்

ஒரு டன் எடையை 10 மீட்டர் உயர்த்தினால் 98 கிலோஜூல் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. ஒரு கிலோவாட்-மணி என்பது 3,600 கிலோஜூல். எனவே மின்வாரியக் கணக்கில் ஒரே ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஈடாக, ஏறத்தாழ 37 டன் எடையை மூன்று மாடி உயரத்திற்குத் தூக்கி நிறுத்த வேண்டும். இக்கணக்கில் இழப்பு எதுவும் சேர்க்கப்படவில்லை.

இம்முறை பயனற்றதெனக் கருதலாகாது. வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த நீரழுத்தத் திரட்டிகள், பளுவேற்றிய உந்துதண்டின் கீழ் நீரை நிறுத்தி வைத்துத் துறைமுகப் பளுதூக்கிகளை இயக்கின. 1894இல் திறக்கப்பட்ட இலண்டன் டவர் பாலத்தின் மேலெழும் தளங்களும் அத்தகைய திரட்டிகளாலேயே இயக்கப்பட்டன. கோவை மாவட்டத்தின் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட் திறனை இதே கொள்கையால்தான் தருகிறது. ஆனால் அங்குத் தூக்கப்படுவது ஒரு நீர்த்தேக்கம். உயரத்தைத் தருவது மலை. மலையை விலையின்றிப் பெற்றவர்க்கே இம்முறை உரியது, சிற்றிடத்திற்கு உரியதன்று.

எனினும் உயரம் ஒரு சிறந்த அளவுகோல். ஒரு பொருள் தன்னுள் சேமித்த ஆற்றலைக் கொண்டு தன் எடையைத்தானே எவ்வளவு உயரம் தூக்க இயலும் என்று கேட்டால், கிலோவுக்கு இத்தனை ஜூல் என்னும் உலர்ந்த எண் கண்முன் காட்சியாகிவிடும்.

3. சுருள்வில்லும் இரப்பரும்

தமிழில் இக்கருவியின் பெயரிலேயே வில் இடம்பெற்றுள்ளது. நாணை இழுக்கும் கை மெதுவாகச் செய்த வேலையை வளைந்த மரம் வாங்கி வைத்து, அம்புக்கு ஒரு நொடியின் சிறு பகுதியில் கொடுத்துவிடுகிறது. சுருள்வில்லின் இயல்பு முழுவதும் இதனுள் அடங்கியுள்ளது.

மீட்சி எல்லைக்குள் ஒரு பொருளை இழுக்கும்போது அதன் ஒவ்வொரு கன அளவிலும் சேமிக்கப்படும் ஆற்றல், தகைவு, திரிபு ஆகியவற்றின் பெருக்கற்பலனில் பாதி. உயர்தரச் சுருள்வில் எஃகு 1,500 மெகாபாஸ்கல் தகைவைத் தாங்கும் எனக் கொள்வோம். அதன் யங் குணகம் ஏறத்தாழ 2,07,000 மெகாபாஸ்கல். ஆகவே திரிபு 0.7 விழுக்காடு மட்டுமே. கன மீட்டருக்கு 5.4 மெகாஜூல், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 700 ஜூல் என்பது எட்டத்தக்க உச்சம். இதுவும் கம்பி முழுவதும் சீராக இழுபட்டால் மட்டுமே. கடிகாரத்தில் உள்ளதுபோன்ற தட்டைச் சுருளில் பட்டை வளைக்கப்படுகிறது. அதன் மேற்பரப்பு மட்டுமே உச்சத் தகைவை அடைகிறது, நடுப்பகுதி வாளாவிருக்கிறது. இதனால் பயன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து கிலோவுக்கு 230 ஜூல் என ஆகிறது. உயர அளவுகோலில் சொன்னால், முழுதும் முறுக்கிய கடிகாரச் சுருள் தன்னைத்தானே 23 மீட்டர் தூக்கவல்லது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஈடாக அத்தகைய சுருள் 15 டன்னுக்கு மேல் வேண்டும்.

பட்டைச் சுருள் ஒரு கிலோ இருந்தால், பத்தில் ஒரு வாட் மட்டுமே வாங்கும் சிறு வானொலியை அது 38 நிமிடம் இயக்கும். பல்சக்கரம், மின்னாக்கி ஆகியவற்றின் இழப்பைக் கழித்தால் நேரம் மேலும் குறையும். ட்ரெவர் பெய்லிஸ் 1990களில் அறிமுகப்படுத்திய கைச்சுற்று வானொலி இவ்வெல்லைக்குள் நின்றே வெற்றி பெற்றது. மின்சாரம் எட்டாத ஆப்பிரிக்கச் சிற்றூர்களை எண்ணிச் செய்யப்பட்ட அக்கருவியில் சுருளை ஒருமுறை முறுக்கினால் சுமார் அரை மணி நேரம் ஒலி கேட்டது. ஆனால் பின்வந்த வடிவங்களில் சுருள் நீக்கப்பட்டு, கைப்பிடி சிறு மின்கலத்தையே மின்னேற்றியது. கருத்து தோற்கவில்லை; எஃகு தோற்றது.

அவ்வாறாயின் சுருள்வில் எங்கே வெல்கிறது? திறனில். உயர் மின்னழுத்தத் துணைமின் நிலையங்களிலுள்ள மின்சுற்று முறிப்பான்கள் பலவற்றில், சிறு மின்னோடி ஒன்று சில நொடிகள் சுழன்று கனத்த சுருளை இறுக்கி வைக்கிறது. பழுது நேரும் கணத்தில், ஒரு நொடியின் நூறிலொரு பங்கு என்ற அளவில், அச்சுருள் தொடுமுனைகளைப் பிரித்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் இறுகிய நிலையில் காத்திருந்தாலும் அதன் ஆற்றல் கசிவதில்லை. மின்சாரம் முற்றும் நின்றுபோனாலும் அது தன் கடமையைச் செய்யும். தெள்ளுப்பூச்சியின் தாவலும் இவ்வகையினதே: அத்தனை விரைவில் தசை சுருங்க இயலாது, எனவே தசை மெதுவாகச் செய்த வேலையை ரெசிலின் என்னும் மீள்புரதம் சேமித்து ஒரே கணத்தில் விடுவிக்கிறது என்பதை 1967இல் பென்னெட்-கிளார்க், லூசி ஆகியோர் விளக்கினர்.

எஃகின் குறை அதன் வலிமையில் இல்லை. அது நீள மறுப்பதில் உள்ளது. இரப்பர் இதற்கு நேர்மாறு. தகைவு மிகக் குறைவாயினும் அது தன் நீளத்தைப் போல் பல மடங்கு நீள்கிறது. ஆகவே நல்ல இயற்கை இரப்பர் கிலோவுக்கு 5 கிலோஜூலும் அதற்கு மேலும் சேமிக்கிறது. கடிகாரச் சுருளைவிட இருபது மடங்குக்கு மேல். 1871இல் பாரிசின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்சு பெனோ பறக்கவிட்ட மாதிரி வானூர்தி முறுக்கிய இரப்பரால் இயங்கியது தற்செயலன்று. அன்று கிடைத்த எச்சுருளும் தன்னைத் தானே அவ்வளவு எளிதில் தூக்கியிருக்காது.

இரப்பரின் ஆற்றல் எங்கே உள்ளது என்பது ஆழமான வினா. எஃகை இழுக்கும்போது அணுக்களுக்கிடையேயான பிணைப்புகள் நீட்சியுறுகின்றன. ஆற்றல் அப்பிணைப்புகளில் தங்குகிறது. இரப்பரிலோ சுருண்டு கிடந்த நெடுமூலக்கூறுகள் நேராக்கப்படுகின்றன. பிணைப்புகள் ஏறத்தாழ மாறுவதில்லை. குறைவது ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி. அகன்ற இரப்பர்ப் பட்டை ஒன்றை உதட்டில் வைத்துச் சட்டென இழுத்தால் வெம்மை தெரியும். இழுத்தே வைத்திருந்து ஆறிய பின் விட்டால் குளிர்ச்சி தெரியும். பார்வையற்ற அறிஞரான ஜான் கஃப் இதனை 1805இலேயே பதிவு செய்துள்ளார். நாம் செய்த வேலை வெப்பமாக வெளியேறிவிட்டது. திரும்பச் சுருங்கும்போது இரப்பர் சூழலிலிருந்து வெப்பத்தை வாங்கி வேலையாக்குகிறது. இச்செய்தி காற்றைப் பேசும்போது மீண்டும் தேவைப்படும். நடைமுறையில் இரப்பர் நெடுநேரம் இழுத்து வைத்தால் தளர்கிறது, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பகுதியை வெப்பமாக விழுங்குகிறது, வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கிறது. எனவே அது விளையாட்டு வானூர்தியைத் தாண்டி அதிகம் வளரவில்லை.

4. சுழல்சக்கரம்

மெல்லிய வளையம் ஒன்று சுழலும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் வெளியே பாய முயல்கிறது. வளையத்தில் தோன்றும் இழுதகைவே அதைப் பிடித்து வைக்கிறது. இத்தகைவு, அடர்த்தியை விளிம்பு வேகத்தின் இருமடியால் பெருக்கியதற்குச் சமம். இயக்க ஆற்றலோ கிலோவுக்கு வேகத்தின் இருமடியில் பாதி. இரண்டையும் இணைத்தால், ஒரு கிலோ வளையம் சேமிக்கக்கூடிய உச்ச ஆற்றல், தாங்குதகைவை அடர்த்தியால் வகுத்ததில் பாதி என்று வருகிறது. ஆரம் இதில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய சக்கரம் மெதுவாகவும் சிறிய சக்கரம் விரைவாகவும் சுழன்று ஒரே எல்லையில் முட்டுகின்றன.

இவ்வளவையே அடிப்படை அளவு என்று இனிக் குறிப்போம். சுருள்வில்லின் சூத்திரத்தை இதனோடு ஒப்பிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சீராக இழுபடும் எஃகு கிலோவுக்குச் சேமிப்பது அடிப்படை அளவைத் திரிபால் பெருக்கியது. அதே எஃகு வளையமாகச் சுழன்றால் சேமிப்பது அடிப்படை அளவு முழுவதும். திரிபு 0.7 விழுக்காடு எனில் சுழற்சி 140 மடங்கு மேலானது. ஒரே பொருள், ஒரே தகைவு. பயன்படுத்தும் முறை மட்டுமே வேறு. சுருள்வில்லில் தகைவு தானே ஆற்றலைச் சேமிக்க வேண்டியுள்ளது. சக்கரத்தில் தகைவு ஆற்றலைச் சேமிப்பதில்லை, ஓடும் நிறையைக் கட்டிவைக்கும் கயிறாக மட்டுமே பணியாற்றுகிறது.

மற்றொரு முடிவும் இதிலிருந்து கிடைக்கிறது. சக்கரம் கனத்த உலோகத்தால் ஆனால் நல்லது என்பது பரவலான எண்ணம். வேகம் வரையறுக்கப்பட்டிருந்தால் அது சரி. வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கும்போது, ஒரு கன அளவு வளையம் சேமிப்பது தகைவில் பாதி மட்டுமே; அடர்த்தி அதில் இல்லை. கிலோவுக்குக் கணக்கிட்டால் இலேசான பொருளே மேல். கரியிழைக் கலவைப் பொருள் எஃகை வென்றதன் காரணம் இது: 1,500 மெகாபாஸ்கல் தகைவும் கன மீட்டருக்கு 1,600 கிலோ அடர்த்தியும் கொண்ட இழை வளையத்திற்கு அடிப்படை அளவு கிலோவுக்கு 470 கிலோஜூல். 400 மெகாபாஸ்கலில் நிறுத்திக்கொள்ளும் எஃகு வளையத்திற்கோ 25 கிலோஜூல்தான்.

நடைமுறை எண்கள் இவ்வுச்சத்திற்குக் கீழேயே நிற்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகன் நிறுவனம் உருவாக்கிய கைரோபஸ் 1953 முதல் 1960 வரை இவெர்டன் நகரில் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதன் அடித்தளத்தில் சுமார் 1.5 டன் எடையும் 1.6 மீட்டர் விட்டமும் உடைய எஃகுச் சக்கரம் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழன்றது. நிறுத்தங்களில் மின்கம்பங்களிலிருந்து மின்சாரம் பெற்று வேகம் ஏற்றிக்கொண்டது. சீரான தட்டு என்று கொண்டு கணக்கிட்டால் அதன் ஆற்றல் 24 மெகாஜூல், அதாவது ஆறரை யூனிட்டை ஒட்டியது. கிலோவுக்கு 16 கிலோஜூல். நிறை விளிம்பை ஒட்டி அமைந்தால் இன்னும் சற்றுக் கூடும். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டீபன்டவுனில் 2011இல் இயங்கத் தொடங்கிய நிலையத்தில் 200 கரியிழைச் சக்கரங்கள் உள்ளன. நிலையத்தின் திறன் 20 மெகாவாட். ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்குச் சற்று மிகுந்த சுழலியில் 25 கிலோவாட்-மணி வைத்துள்ளது. கிலோவுக்கு 80 கிலோஜூல். கோட்பாடு தரும் 470 எங்கே போயிற்று? ஒரு பகுதி, மீள்சுமையால் பொருள் சோர்ந்துவிடாதபடி தகைவைக் குறைத்து வைத்ததில் போயிற்று. ஒரு பகுதி, இழைகளின் குறுக்கே பொருள் வலுவற்றதாதலின் தடித்த வளையம் உள்ளிருந்து பிளவுறக்கூடும் என்பதில் போயிற்று. எஞ்சியது அச்சுக்கும் ஆரைக்கும் போயிற்று. வெற்றிட உறை, தாங்கிகள், மின்னோடி ஆகியவற்றின் எடை இந்த 80இல் சேரவேயில்லை. அவற்றையும் சேர்த்தால் எண் மேலும் சரியும்.

சக்கரத்தின் இயல்பான குறை கசிவு. வெற்றிடத்தில் காந்தத் தாங்கிகளின்மீது சுழன்றாலும் அது மெல்ல வேகம் இழக்கிறது. ஆகவே மாதக்கணக்கில் வைத்திருக்கும் வேலைக்கு அது ஏற்றதன்று; சில நொடி, சில நிமிட வேலைக்கு நிகரற்றது. இங்கிலாந்தின் கல்ஹாமில் ஜெட் அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவிக்கெனத் தலா 775 டன் எடையுள்ள இரு சக்கரங்கள் நிறுவப்பட்டிருந்தன. மின்கட்டமைப்பிலிருந்து நேரடியாக இழுக்க இயலாத பெருந்திறனைச் சில நொடிகளுக்குக் கொடுப்பதே அவற்றின் பணி. அவை கிலோவுக்கு 5 கிலோஜூல் அளவே சேமித்தன. அங்கு எடை ஒரு பொருட்டன்று. எனவே இக்குறைவு யாரையும் வருத்தவில்லை.

5. அமுக்கக் காற்று

உருளைக் கொள்கலத்தின் சுவரில் உள்ள தகைவைக் கொண்டு கணக்கிட்டால், அழுத்தத்தையும் உட்கன அளவையும் பெருக்கிய தொகை, தகைவையும் சுவரின் கன அளவையும் பெருக்கியதில் பாதிக்குச் சமம். மீண்டும் அதே அடிப்படை அளவு! அழுத்தத்தின் அலகான பாஸ்கலும் கன மீட்டருக்கு ஜூல் என்பதும் ஒன்றே என்பதை நினைவிற்கொண்டால் இது வியப்பன்று. காற்றை வெப்பநிலை மாறாமல் விரியவிட்டால், சூழல் அழுத்தத்தைத் தள்ளும் வேலையைக் கழித்தபின் கிடைக்கும் வேலை, இத்தொகையை அழுத்த விகிதத்தின் இயல்மடக்கையிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணால் பெருக்கியதாகும். 300 வளிமண்டல அழுத்தத்திற்கு அவ்வெண் 4.7. ஆகக் கொள்கலச் சுவரின் ஒவ்வொரு கிலோவும் வளையமாகச் சுழன்றால் தருவதைப்போல் 4.7 மடங்கு தருகிறது. சுருள்வில்லில் அடிப்படை அளவு நூறிலொரு பங்குக்கும் கீழாகச் சுருங்கியது, சக்கரத்தில் முழுமையாக நின்றது, காற்றில் பெருகுகிறது.

ஒரு யூனிட்டுக்குக் கணக்கு: 300 வளிமண்டலத்தில் 26 லிட்டர் கொள்கலம், அதனுள் 9 கிலோ காற்று, 400 மெகாபாஸ்கல் தகைவுள்ள எஃகுச் சுவர் 30 கிலோ. அதே எஃகு வளையம் 140 கிலோ வேண்டும். தாளில் காற்று வெல்கிறது. கன அளவில் மட்டும் வளையம் சற்று முந்துகிறது: எஃகின் ஒரு கன மீட்டருக்கு 200 மெகாஜூல், காற்றின் ஒரு கன மீட்டருக்கு 141 மெகாஜூல். ஆயினும் வளையத்தின் நடுவிலுள்ள வெற்றிடத்தையும் உறையையும் கணக்கிட்டால் இம்முந்துதல் நிலைப்பதில்லை.

ஆனால் இவ்வெற்றி ‘வெப்பநிலை மாறாமல்’ என்ற ஒரு தொடரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கருத்தியல் வளிமத்தின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. அறை வெப்பநிலைக்கு ஆறிய அமுக்கக் காற்றில், வெளியிலுள்ள காற்றைவிட ஆற்றல் ஏதும் கூடுதலாக இல்லை. அமுக்கும்போது செய்த வேலை முழுவதும் வெப்பமாகச் சூழலுக்குப் போய்விட்டது. இரப்பரில் கண்டதும் இதுவே: குறைந்தது என்ட்ரோபி மட்டும். காற்று வேலை செய்யும்போது சூழலின் வெப்பத்தை வாங்கியே செய்கிறது. ஆகவே ‘காற்றில் சேமித்த ஆற்றல்’ என்னும் தொடர் கறாரான பொருளில் பிழை. ‘பயன்படு ஆற்றல்’ என்பதே பொருந்தும். பாடநூல்களில் இவ்வேறுபாடு இடம்பெற வேண்டும் என்பது கட்டுரையாளரின் கருத்து. சொல் தெளிவானால் அடுத்த வினா தானே எழும்: அவ்வெப்பம் எங்கிருந்து, எவ்வளவு விரைவில் வரும்?

விரைந்து விரியும் காற்றுக்கு வெப்பம் வந்து சேர நேரமில்லை. 20 பாகை செல்சியஸில் உள்ள காற்று 300 வளிமண்டலத்திலிருந்து ஒரே வீச்சில் வெப்பப் பரிமாற்றமின்றி விரிந்தால், சூத்திரம் தரும் இறுதி வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 216 பாகை. அதற்கு முன்பே காற்று நீர்மமாகத் தொடங்கிவிடும். எண்ணெய் உறைந்து, காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். கிடைக்கும் வேலையோ முன்கூறியதில் ஐந்தில் இரண்டு பங்கை எட்டுவதே அரிது. 1879இல் பிரான்சின் நாந்த் நகரில் ஓடத் தொடங்கிய மெகார்ஸ்கியின் டிராம் வண்டிகள் இச்சிக்கலை நேர்த்தியாகக் கையாண்டன: காற்று எந்திரத்தை அடையுமுன் சுடுநீரினூடே செலுத்தப்பட்டு, வெப்பத்தையும் நீராவியையும் ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவ்வண்டிகள் ஓடின. அமுக்கக் காற்று ஊர்தியை இன்று புதுமையாக முன்மொழிவோர் மெகார்ஸ்கியின் சுடுநீர்த் தொட்டியை மறந்துவிடுகின்றனர்.

6. நீருக்கடியில் ஒரு போட்டி

ஒரே பணிக்கு இரு முறைகளும் நேருக்கு நேர் மோதிய நிகழ்வு தொழில்நுட்ப வரலாற்றில் அரிது. நீர்மூழ்கிக் குண்டு அத்தகையது. ராபர்ட் வைட்ஹெட் 1866இல் செய்த குண்டு அமுக்கக் காற்றால் ஓடியது. அமெரிக்கக் கடற்படையின் ஜான் ஹவெல் வடிவமைத்ததோ, ஏவுமுன் நீராவிச் சுழலியால் நிமிடத்திற்கு 10,000 சுற்றுவரை முடுக்கப்பட்ட 60 கிலோ எஃகுச் சக்கரத்தால் ஓடியது. ஹவெலின் குண்டு நீரில் குமிழிகளை விடவில்லை. சுழலும் சக்கரம் கைரோஸ்கோப்பாகவும் செயற்பட்டுத் திசை தவறாமல் காத்தது. இரண்டும் போர்க்களத்தில் பெருநன்மைகள்.

எனினும் ஹவெல் தோற்றார். சக்கரத்தை 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு எனக் கொண்டால் அதன் ஆற்றல் 370 கிலோஜூல். ஒப்பீட்டிற்காக, 100 லிட்டர் கொள்கலத்தில் 90 வளிமண்டல அழுத்தமுள்ள காற்றை எண்ணிக்கொண்டால், உச்சப் பயன்படு ஆற்றல் 3,000 கிலோஜூலைத் தாண்டுகிறது. குளிர்ச்சியாலும் எந்திர இழப்பாலும் அதில் நான்கில் மூன்று பங்கு வீணானாலும் சக்கரத்தை விஞ்சுகிறது. ஏவும் கப்பலில் சக்கரத்தை முடுக்க நேரமும் நீராவியும் வேண்டியிருந்தன. நிரப்பிய காற்றோ காத்திருந்தது. பின்னர் வைட்ஹெட்டின் குண்டும் தனியே ஒரு சிறு கைரோஸ்கோப்பைப் பெற்றுக்கொண்டதும் ஹவெலின் கடைசி நன்மையும் போயிற்று. அவர் குண்டுகள் 50 அளவிலேயே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றை 2013இல் கலிபோர்னியாக் கடலடியில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சி பெற்ற ஓங்கில்கள் கண்டுபிடித்துத் தந்தன.

இன்றைய இலித்தியம் மின்கலம் ஒரு யூனிட்டை ஐந்தாறு கிலோவில் அடக்கிவிடுகிறது. எடையை மட்டும் நோக்கின் இயந்திர முறைகள் எவையும் அதற்கு நிகராகா. மின்கலத்தோடு ஆற்றலில் போட்டியிடும் செயல்திட்டத்தை மறுத்து, திறன், ஆயுள், காத்திருப்பு ஆகியவற்றுள் ஒன்றில் போட்டியிடும் திட்டத்தை ஏற்பது வழிகாட்டிக்குத் தகும்.

7. உடையும்போது

சேமிப்பானின் தகுதியை அது உடையும் விதமும் முடிவு செய்கிறது. எஃகுச் சக்கரம் பிளந்தால் சில பெருந்துண்டுகளாகித் துப்பாக்கிக் குண்டின் வேகத்திற்கு நெருங்கிப் பாய்கிறது. தடுக்க வேண்டிய உறை சக்கரத்தையே மிஞ்சும் எடையுடையதாகலாம். கரியிழைச் சக்கரம் பெரும்பாலும் இழையும் தூளுமாகச் சிதைகிறது. ஆற்றல் உறையின் உட்சுவரில் உராய்ந்து வெப்பமாகிறது. எனவேதான் இத்தகைய சக்கரங்களை நிலத்திற்கடியில் கற்காரைக் குழிகளில் புதைக்கின்றனர்.

காற்றுக் கொள்கலம் அமைதியாகத் தோன்றுவதாலேயே மிகக் கொடியது. அதில் சுழற்சியில்லை, ஓசையில்லை, வெம்மையில்லை. 300 வளிமண்டலத்திற்கான 50 லிட்டர் சிலிண்டரை 450 வளிமண்டலத்தில் சோதிக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். காற்றை நிரப்பிச் சோதித்தால் அதனுள் உச்சப் பயன்படு ஆற்றல் 11 மெகாஜூலுக்கு மேல். வெடிக்கும்போது வெப்பப் பரிமாற்றத்திற்கு நேரமில்லையாதலின் அதில் ஐந்தில் இரண்டு பங்கே வெளிப்படும் எனினும், அது ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்துக்கு ஈடாகும். நீரை நிரப்பி அதே அழுத்தத்திற்கு ஏற்றினால் நீரில் சேமிக்கப்படுவது 23 கிலோஜூல் மட்டுமே. ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. சுவரின் தகைவு இரண்டிலும் ஒன்றே. சோதனையின் கண்டிப்பும் ஒன்றே. அந்த 23 கிலோஜூலும் சிறிதன்று: நூறு கிலோ எடை ஏழு மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பு. ஆகவே நீர்ச்சோதனையின்போதும் சிலிண்டருக்கும் ஆளுக்குமிடையே தடுப்பு வேண்டும். அழுத்தம் ஏற்றுமுன் உள்ளே காற்றுக்குமிழி எதுவும் தங்காதபடி முழுவதும் வெளியேற்றவும் வேண்டும். காற்று மேற்புறத்தில் சிக்கியிருந்தால், அழுத்தம் ஏறும்போது அது சுருங்கி, நீரில் உள்ளதற்கு மேலும் ஆற்றலைச் சேர்க்கும்.